தற்கொலை ஆபத்து: யாரைப் பற்றிக் கவலைப்பட மறக்கிறோம்?

பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் நாளில் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு தனி ஜாக்கிரதை வந்துவிடுகிறது. "மார்க் குறைஞ்சா ஒண்ணும் சொல்லாதீங்க, பிள்ளையைத் தனியா விடாதீங்க" என்று சித்தியோ மாமாவோ முந்தின நாளே போன் செய்து சொல்லிவிடுவார்கள். நல்ல பழக்கம். மருத்துவர்களும் ஆசிரியர்களும் பல வருடம் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம்.

வேலை கிடைக்காமல் நான்கு நாளாக வீட்டில் படுத்திருக்கும் கொத்தனார் மேல் அதே கவலை நமக்கு வருகிறதா? கல்யாணமாகி இரண்டு வருடத்தில் பேச்சே குறைந்துபோன பக்கத்து வீட்டுப் பெண் மேல்? பெரும்பாலும் வருவதில்லை. கணக்கைப் பார்த்தால் இவர்களைப் போன்றவர்கள்தான் அதிகம் இறக்கிறார்கள். தற்கொலை ஆபத்து என்பது என்ன, அது யாரிடம் போய்ச் சேர்கிறது என்று முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. இதைப் படிக்கும் உங்களுக்கே "இருந்து என்ன செய்ய" என்ற எண்ணம் வந்துகொண்டிருந்தால், மீதியை அப்புறம் படிக்கலாம். இந்தியாவில் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை (டெலிமானஸ்) எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. சென்னையில் 1986-லிருந்து இயங்கும் ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் 1926. சிங்கப்பூரில் 1767. மலேசியாவில் 03-76272929. என்ன பேசுவது என்று யோசித்து வைத்துக்கொண்டு அழைக்க வேண்டியதில்லை. "மனசு சரியில்லை" என்ற ஒரு வாக்கியம் போதும், மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

எண்கள் சொல்வது

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகம் முழுக்கச் சுமார் 7,27,000 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 73 பேர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் வாழ்ந்தவர்கள். பணக்கார நாட்டுத் தனிமையின் நோய் என்று இதை நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த ஓர் எண்ணையாவது மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. 2022-இல் 1,70,924 பேர். மாநிலங்களில் மகாராஷ்டிரம் முதலில், 22,746 பேர். அடுத்தது தமிழ்நாடு, 19,834 பேர். இந்திய அளவில் லட்சம் பேருக்கு 12.4 என்றால் தமிழ்நாட்டில் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இறந்தவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்றும் அந்த அறிக்கையில் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். தினக்கூலிகள் நான்கில் ஒரு பங்குக்கு மேல். இல்லத்தரசிகள் 25,309 பேர். இது இறந்த பெண்களில் பாதிக்கும் அதிகம். மாணவர்கள் 13,044. விவசாயிகளும் விவசாயக் கூலிகளும் சேர்ந்து 11,290. காரணம் என்று எழுதப்பட்டவற்றில் தேர்வில் தோல்வி என்பது நூற்றில் ஒன்று அளவுக்குத்தான் வருகிறது. குடும்பப் பிரச்சினை என்பது நூற்றில் 31. நோய் 18.

மாணவர்களைப் பற்றிக் கவலைப்பட்டது அதிகம் என்று இதற்குப் பொருள் எடுக்க வேண்டாம். பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று போவதே தாங்க முடியாதது. அந்தக் கவலையால் பலன் கிடைத்திருக்கிறது என்பதுதான் நான் பார்ப்பது. தோற்றவர்கள் ஒரு வருடம் காத்திருக்காமல் சில வாரத்திலேயே துணைத் தேர்வு எழுதலாம் என்ற ஏற்பாடு வந்தது. மாநில அளவில் முதல் மூன்று இடம் யார் என்று அறிவிப்பதை 2017-இல் தமிழ்நாடு நிறுத்தியது. கவலைப்பட்டால் வழி கிடைக்கிறது. மற்றவர்கள் விஷயத்தில் நாம் இன்னும் அந்த அளவுக்குக் கவலைப்படத் தொடங்கவில்லை.

இந்தக் கணக்கு காவல் நிலையப் பதிவிலிருந்து வருவது என்பதையும் மறக்கக் கூடாது. தமிழ்ச் செய்தித்தாள் படிக்கும் எல்லோருக்கும் "தீராத வயிற்றுவலி காரணமாக" என்ற வரி தெரியும். அந்த வயிற்றுவலிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. குடும்பத்துக்கு வழக்கு வேண்டாம், ஊருக்குப் பேச்சு வேண்டாம். திருமணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை உண்டு, அந்தப் பயமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே "காரணம்" என்ற கட்டத்தில் எழுதியிருப்பதைக் கொஞ்சம் தள்ளிவைத்தே படிக்க வேண்டும். "குடும்பப் பிரச்சினை" என்ற இரண்டு சொல்லுக்குள் கடன், குடி, அடி, வரதட்சணை எல்லாம் அடங்கிக் கிடக்கும்.

ஆபத்து என்றால் என்ன?

ஏரி உடைந்த ஊரில் போய்க் கேட்டால் "நேத்து ராத்திரி பெய்த மழைதான்" என்பார்கள். மழை பெய்தது உண்மை. ஆனால் பக்கத்து ஊர் ஏரியிலும் அதே மழைதான் பெய்தது. இந்த ஏரியில் பல வருடம் தூர் வாரவில்லை. கரையில் எலி வளை. மிச்சத் தண்ணீர் வழிந்து போக வேண்டிய கலங்கல் அடைபட்டிருந்தது. இத்தனையும் சேர்ந்திருந்த கரைமேல் அந்த மழை பெய்தது.

தற்கொலை ஆபத்தும் இப்படித்தான் சேர்கிறது. சின்ன வயதில் பட்ட அடி, வீட்டில் முன்பே ஒருவர் இப்படி இறந்தது, வெகுநாள் மனச்சோர்வு, குடி, தீராத வலி, கடன், தனிமை ஆகியவை தூர் மாதிரி படிந்துகொண்டே வரும். அதன்மேல் ஒரு சண்டையோ ஓர் அவமானமோ ஒரு பிரிவோ வந்து விழும். நாம் பார்ப்பது கடைசியாக விழுந்ததை மட்டும். "ஒரு செல்போன் வாங்கித் தரலைன்னு போயிட்டான்" என்று சொல்கிறோம். செல்போனுக்காக யாரும் போவதில்லை.

வெளியே வழிந்து போக ஒரு வழி இருந்தால் கரை தாங்கும். மனம் விட்டுப் பேச ஓர் ஆள், தொடர்ந்து எடுக்கும் சிகிச்சை, நம்பிக்கை வைத்திருக்கும் சாமி, தன்னை எதிர்பார்த்து வீட்டில் ஒரு குழந்தை, ஒரு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டிய பொறுப்பு என்று எதுவும் கலங்கலாக இருக்கலாம்.

ஆபத்து என்பது ஜாதகம் மாதிரி முன்பே எழுதி வைத்தது இல்லை. மேலே சொன்ன எல்லாம் இருந்தும் நன்றாக வாழ்ந்து முடித்தவர்கள்தான் மிக அதிகம். ஒருவரைப் பார்த்து இவர் இன்ன நாளில் இப்படிச் செய்வார் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. கரை எங்கே பலவீனமாக இருக்கிறது என்று பார்த்து மண் போட முடியும், அவ்வளவுதான். அது போதுமானதாகவும் இருக்கிறது.

இனி, யாரிடம் இது அதிகம் சேர்கிறது என்பது.

முன்பு ஒரு முறை முயன்று பிழைத்தவர்களை முதலில் சொல்ல வேண்டும். மற்ற எல்லா அடையாளங்களையும்விட இது பெரிய அடையாளம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களும் மாதங்களும் குறிப்பாக. ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? "சும்மா மிரட்டுறதுக்குப் பண்ணினது" என்று சொல்லி மூடிவிடுகிறோம். ஒருவர் தன் உயிரைப் பணயம் வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் எத்தனை முறை அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்து அந்தக் கொத்தனார். இந்தியாவில் தற்கொலையால் இறப்பவர்களில் நூற்றில் 70-க்கு மேல் ஆண்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேரின் ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரூபாய்க்குள். தினக்கூலிக்கு மழை பெய்தால் வேலை இல்லை, மணல் வரவில்லை என்றால் வேலை இல்லை, காய்ச்சல் என்றால் சம்பளம் இல்லை. வாரத் தவணைக்காரர் மட்டும் சரியாக வாசலில் வந்து நிற்பார். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது, ஆனால் வாசலில் நிற்பவரிடம் சட்டம் பேசும் நிலையில் அந்த வீடு இருக்காது. குடி இதில் இரண்டு வேலை செய்கிறது: இருக்கிற சோர்வைக் கூட்டும், அந்த நேரத்து அவசர முடிவைத் தடுக்கும் நிதானத்தைக் குறைக்கும். "ஆம்பளை அழக் கூடாது" என்று வளர்த்துவிட்டோம். அதனால் இவர் மனம் சரியில்லை என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். "தூக்கம் வரலை", "உடம்பு அசதியா இருக்கு" என்று ஊசி போட வருவார். அப்படி வருபவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்கும் மருத்துவர் ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடும்.

மனநல ஆய்வாளர்கள் இரண்டு எண்ணங்களைத் திரும்பத் திரும்பக் குறிப்பிடுகிறார்கள். எனக்கென்று யாரும் இல்லை என்பது ஒன்று. நான் எல்லோருக்கும் பாரம் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதை நம் பேச்சில் தினமும் கேட்கிறோம். "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்", "நான் போயிட்டா நீங்க நிம்மதியா இருப்பீங்க", "இனிமே என் தொல்லை உங்களுக்கு இருக்காது." சம்பாத்தியம் நின்ற ஆண், மூட்டு வலியோடு பிள்ளை வீட்டுத் திண்ணையில் இருக்கும் பெரியவர், பிறந்த வீட்டுக்குத் திரும்ப முடியாத பெண் என்று மூன்று பேரும் வேறு வேறு வழியில் இந்த ஒரே எண்ணத்துக்கு வந்து சேர்கிறார்கள். கோபத்தில் நாம் சொல்லும் "செத்துத் தொலை" அவர்களுக்குப் பதிலாகவே கேட்கும்.

பெண்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2016-இல் உலகில் தற்கொலையால் இறந்த பெண்களில் நூற்றுக்கு 36 பேருக்கு மேல் இந்தியப் பெண்கள் என்று லான்செட் பப்ளிக் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அப்படி இறந்த இந்தியப் பெண்களில் பத்தில் ஏழு பேர் 15-லிருந்து 39 வயதுக்குள். பல நாடுகளில் திருமணம் மனிதரைக் காக்கும் விஷயங்களில் ஒன்றாக எண்ணப்படுகிறது. இங்கே இளம் பெண்களுக்கு அது அப்படி இல்லை. சின்ன வயதில் கல்யாணம், கையில் சொந்தப் பணம் இல்லாதது, அடி, குழந்தை இல்லை என்ற ஏச்சு, பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வை "எல்லாருக்கும் வர்றதுதானே" என்று தள்ளிவிடுவது. பிறந்த வீட்டுக்குப் போன் செய்தால் "அனுசரிச்சுப் போம்மா" என்ற பதில். கலங்கலை அடைப்பது என்றால் இதுதான்.

பெண்கள் அதிகம் முயல்கிறார்கள், ஆண்கள் அதிகம் இறக்கிறார்கள் என்பது உலகெங்கும் பார்க்கப்பட்டிருக்கிறது. ஒரு மரணத்துக்கு இருபதுக்கு மேற்பட்ட முயற்சிகள் நடப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படி முயன்று பிழைத்தவர்கள் இப்போது நம் நடுவில்தான் இருக்கிறார்கள்.

மனநோய்க்கு இதில் பெரிய பங்கு உண்டு. மனச்சோர்வு, இருதுருவ மனநிலைக் கோளாறு, மனச்சிதைவு, குடிக்கு அடிமையாவது எல்லாமே ஆபத்தைக் கூட்டும், எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. தமிழ்நாட்டில் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, புறநோயாளிச் சீட்டு போட்டுப் பார்க்கலாம். ஆனால் இறக்கும் எல்லோருக்கும் மனநோய் இருந்தது என்று சொல்ல முடியாது. ஒரு நெருக்கடியின் உச்சத்தில், சில மணி நேரத்தில் எடுத்த முடிவால் போனவர்கள் நம் பகுதியில் நிறைய.

அந்தச் சில மணி நேரம்

தற்கொலை பற்றி அறிந்தவற்றில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது இதுதான். செத்துவிட வேண்டும் என்ற எண்ணம் அலைபோல ஏறி இறங்கும். உச்சத்தில் இருக்கும் நேரம் குறைவு. அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாவிட்டால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். "ஒரு வழியை அடைத்தால் வேறு வழி தேடத்தானே போகிறார்கள்" என்ற எண்ணத்தை அனுபவம் பெரும்பாலும் பொய்யாக்கியிருக்கிறது.

இலங்கையைப் பாருங்கள். 1995-இல் அங்கே தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 என்ற அளவில் இருந்தது, உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. அப்போதிலிருந்து கடும் நச்சுள்ள பூச்சிக்கொல்லிகளை அரசு படிப்படியாகத் தடை செய்தது. மக்களின் துயரம் குறையவில்லை, போர் நடந்துகொண்டிருந்தது, வறுமை இருந்தது. ஆனாலும் விகிதம் 70 சதவீதம் அளவுக்கு இறங்கியது. 1995-க்கும் 2015-க்கும் இடையில் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். தொண்ணூற்று மூன்றாயிரம் பேர் என்றால் ஒரு நகரம்.

நம் கடலூர் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், ஸ்நேகாவைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவருடன் இருந்தவர்களும் சின்ன அளவில் இன்னொன்றைச் செய்து பார்த்தார்கள். வயலுக்கு வாங்கும் மருந்தை வீட்டில் வைக்காமல், ஊருக்குப் பொதுவான ஒரு கட்டடத்தில், பூட்டிய பெட்டிகளில் வைக்க ஏற்பாடு. விவசாயிக்கு வேண்டும்போது போய் எடுத்துக்கொள்ளலாம். அந்த நடைதூரமே ஒரு தடுப்பு. அந்தக் கிராமங்களில் தற்கொலை குறைந்தது.

வீட்டு அளவிலும் இதைச் செய்யலாம். ஒருவரைப் பற்றிப் பயம் இருந்தால், ஆபத்தான பொருள்களையும் சேர்ந்து கிடக்கும் மாத்திரைகளையும் சில நாளைக்கு வேறொருவர் பொறுப்பில் வைப்பது. அவரைத் தனியாக விடாமல் யாராவது கூட இருப்பது.

கேட்பது எப்படி?

பேச்சில் மேலே சொன்ன பாரம், தொல்லை போன்ற சொற்கள் வந்தால் கவனிக்க வேண்டும். திடீரென்று கடன்களைத் தீர்த்து, பிடித்த பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்து, சொல்லாமல் விடைபெறுவது போல நடந்துகொண்டால் இன்னும் கவனம். தூக்கம் கெடுவது, குடி கூடுவது, ஆள்களைத் தவிர்ப்பது. நெடுநாள் கலங்கி இருந்தவர் ஒருநாள் காரணமில்லாமல் அமைதியாகிவிட்டால் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அப்படி நடப்பதில்லை என்பது ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. கேட்டதும் பலருக்கு ஒரு பெருமூச்சுதான் வரும், அப்பாடா, ஒருத்தருக்காவது தெரிந்தது என்று. சுற்றி வளைக்காமல், நம் வீட்டுப் பேச்சிலேயே கேட்கலாம்: "அண்ணே, கொஞ்ச நாளா உங்களைப் பார்த்தா எனக்குக் கவலையா இருக்கு. செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணுதா?"

ஆமாம் என்றால் பதறாமல் உட்கார வேண்டும். "உனக்கு என்ன குறை?", "பிள்ளைங்க முகத்தைப் பாரு", "மனசைத் தைரியமா வச்சுக்க" என்ற மூன்றும் உடனே நாக்கில் வரும், மூன்றும் பேச்சை முடித்துவைக்கும். "எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்று கேட்டால் பேச்சு நீளும். எப்படி, எப்போது என்று அவர் மனதில் முடிவே செய்து வைத்திருந்தால் அது அவசரம். தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் கேட்டால் செய்துகொடுக்க வேண்டாம்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் தாமதித்த குடும்பங்கள் உண்டு. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. இலங்கை இதை 1998-லேயே நீக்கிவிட்டது, சிங்கப்பூர் 2020-இல், மலேசியா 2023-இல்.

கடைசியாக, பிழைத்து வீடு திரும்பியவர்களைப் பற்றி. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நகரங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. சென்னை, கொழும்பு, பிரேசிலின் காம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங். தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பாதிக்கு அதோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள், அப்புறம் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தால் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்.

அந்த ஒன்பது விசாரிப்பையும் முதல் மாதத்திலேயே செய்து முடித்துவிடவில்லை. வீடு திரும்பிய ஒரு வாரத்தில் ஒன்று, இரண்டாவது வாரம், நாலாவது வாரம், ஏழாவது, பதினொன்றாவது வாரம் என்று போய், பிறகு நாலாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம். ஊர் எல்லாவற்றையும் மறந்திருக்கும் பதினெட்டாம் மாதத்தில், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு இன்னொரு முறை.